கரையில் மூழ்கும் கப்பல்: பராமரிப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

கடற்கரையில் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கும் ரோந்துக் கப்பலின் பராமரிப்புக் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர் பெருமக்களுக்கும்,

வணக்கம்.

இது நான் தங்களுக்கு எழுதும் நான்காவது மடல். முந்தைய மூன்றும் பதிவஞ்சலில் வந்தவை. அவற்றுள் இரண்டுக்குத் தங்கள் அலுவலகம் பதில் அனுப்பியது, இரண்டிலும் இருந்தது ஒரே வாக்கியம்: “தங்கள் மனு உரிய நடவடிக்கைக்காகச் சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது.” அந்தப் பிரிவு எது என்று கேட்டு எழுதிய மூன்றாவது மடலுக்குப் பதில் வரவில்லை. ஆகவே இம்முறை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். கப்பல் எப்போது வந்தது, எந்த ஒப்பந்தத்தின்படி வந்தது, திறப்பு விழாவில் யார் யார் பேசினார்கள் என்பதெல்லாம் என்னைவிடத் தங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் சொல்ல வந்தது அதன் வயிற்றுக்குள் தேங்கியிருக்கும் தண்ணீரைப் பற்றி மட்டும்.

சென்ற மாதம் மூன்று நாள் விடாமல் மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் என் பேத்தியை அழைத்துக்கொண்டு கப்பலைப் பார்க்க வந்திருந்தேன். எங்களுக்கு முன்பே சுகாதாரப் பணியாளர்கள் இருவர் முதுகில் மருந்துத் தெளிப்பானோடு அங்கே நின்றிருந்தார்கள். சுற்றுவட்டாரத் தெருக்களில் காய்ச்சல் பரவியதால் கொசுப்புழு தேடி வீடுவீடாகப் போனவர்கள், கடைசியில் கப்பலுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். காவலர் வேறு வழியில்லாமல் இயந்திர அறையின் மூடியைத் திறந்துவிட்டார். குனிந்து பார்த்த ஒருவர், “கிணறு மாதிரி இருக்குதுங்க” என்றார். மருந்தைத் தெளித்து முடித்த பின், வீட்டுச் சுவர்களில் எழுதுவது வழக்கமல்லவா, அதே போலக் கப்பலின் பக்கத் தகட்டில் சாக்கட்டியால் தேதியை எழுதிவிட்டுப் போனார்கள். ஒரு காலத்தில் அந்தக் கப்பலின் அடையாள எண் வெள்ளை நிறத்தில் பெரிதாக எழுதப்பட்டிருந்த இடத்துக்கு நேர் கீழே அந்தத் தேதி இருக்கிறது. இன்னும் அழியாமல்தான் இருக்கும், வந்து பாருங்கள்.

நான் அந்த இயந்திர அறையில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவன். மூடி திறந்திருந்த அந்தப் பத்து நிமிடத்தில், காவலரின் அனுமதியோடு, ஏணியின் மேற்படியில் நின்று கைவிளக்கை அடித்துப் பார்த்தேன். முழங்காலளவுக்குக் கறுத்த நீர். அதன் மேல் எண்ணெய்ப் படலம். பிளாஸ்டிக் குவளைகள் சில. அந்த அறை ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம் கொண்டது. அடிப்பகுதி குறுகிச் செல்வதைக் கழித்துக் கணக்கிட்டாலும் ஏழெட்டு டன் நீராவது அதில் இருக்கும். கப்பலைக் கரையேற்றியபோது அதைத் தாங்குவதற்குக் கட்டப்பட்ட இரண்டு கான்கிரீட் தாங்கிகளின் கணக்கில் இந்த எடை சேர்க்கப்பட்டிருக்காது என்றே நினைக்கிறேன். கடலில் மிதக்கும்போது கப்பலின் உடல் முழுவதையும் நீர் தாங்குகிறது. கரையில் அதன் பாரமெல்லாம் இரண்டே இடங்களில் போய் நிற்கிறது. நடுவிலும் ஓரங்களிலும் தகடு மெலிந்துகொண்டே போக, உள்ளே எடை கூடிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதைச் சொல்லப் பொறியாளர் வேண்டியதில்லை.

“தாத்தா, தண்ணி கப்பலுக்கு வெளியிலதானே இருக்கணும்?” என்று பேத்தி கேட்டாள். தங்கள் அலுவலகத்திடம் நான் மூன்று மடல்களில் கேட்டதும் அதைத்தான்.

கப்பல் ஓடிய காலத்தில் இந்தத் தண்ணீரோடு எங்களுக்கிருந்த உறவைச் சற்று விளக்க அனுமதியுங்கள். எந்தக் கப்பலிலும் நீர் கசியும். கப்பலை உந்தும் சுழலியின் தண்டு உடலைத் துளைத்து வெளியேறும் இடத்தில் சொட்டும். குளிர்நீர்க் குழாய்களின் இணைப்புகளில் சொட்டும். அதெல்லாம் போய்ச் சேரும் அடிக்குழியை நாங்கள் பில்ஜ் என்போம். ஒவ்வொரு காவல் மாற்றத்தின்போதும், அதாவது நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, பில்ஜில் நீர் எவ்வளவு என்று பார்த்து ஏட்டில் எழுத வேண்டும். நடுநிசியானாலும், பாக் நீரிணையின் ஆழமற்ற கடலில் அலை குறுகி உயர்ந்து கப்பலைப் பந்தாடும் வாடைக்காலமானாலும், குமட்டிக்கொண்டே எழுத வேண்டும். வழக்கத்தைவிட இரண்டு விரற்கடை கூடியிருந்தால் காரணம் கண்டுபிடிக்கும் வரை தூக்கம் கிடையாது. 1990-இல் பாக் நீரிணையில் தாஷா நடவடிக்கை என்ற பெயரில் ரோந்து தொடங்கிய பிறகு, எங்களைப் போன்ற சிறிய கப்பல்கள் எத்தனை இரவுகள் அப்படிக் கழித்தன என்பது ஏடுகளில் இருக்கிறது. ஒரு ரோந்துக் கப்பலின் வாழ்க்கையில் பீரங்கி முழங்கும் நாள்கள் மிகக் குறைவு. பெரும்பாலான நாள்கள் போவதும் வருவதுமாக, பார்ப்பதும் எழுதுவதுமாக, இறைப்பதும் தேய்ப்பதுமாகவே கழியும். அப்படி இறைத்ததால்தான் அது இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் மிதந்தது.

துருவோடும் அப்படித்தான். துறைமுகத்தில் நின்ற நாள்களில் எங்கள் கையில் எப்போதும் சிப்பிங் சுத்தியல் இருந்தது. துருவைக் கொத்தியெடுத்து, கம்பித்தூரிகையால் தேய்த்து, பிரைமர் அடித்து, அது காய்ந்த பின்பே சாம்பல் வண்ணம் பூசுவோம். உலர்துறையில் ஏற்றும்போதெல்லாம் தகட்டின் தடிமனை மீயொலிக் கருவியால் புள்ளி புள்ளியாக அளந்து, மெலிந்த இடத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைப்பார்கள். நீர்மட்டத்துக்குக் கீழே துத்தநாகக் கட்டிகள் பொருத்தப்பட்டிருக்கும். கடல்நீரில் அவை தாம் கரைந்து இரும்பைக் கரையாமல் காக்கும். கரையேறிய கப்பலில் அந்தக் கட்டிகள் இன்றும் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கின்றன, கொஞ்சமும் கரையாமல். சுற்றிக் கடல்நீர் இல்லாவிட்டால் அவற்றால் ஒரு பயனும் இல்லை. கடலை விட்டு வந்துவிட்டால் கப்பல் துருவிடமிருந்து தப்பிவிடும் என்று நினைப்பது தவறு. கரையிலே அதற்கிருந்த பாதுகாப்புகளில் பாதி வேலை செய்வதில்லை. மீதிப் பாதி மனிதர்கள் செய்ய வேண்டியது.

அந்தத் தண்ணீர் உள்ளே வந்த வழியைச் சொல்கிறேன். இதைத் தாங்கள் கவனித்துப் படிக்க வேண்டுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் கப்பலுக்கு அலங்கார விளக்குகள் பொருத்தப்பட்டன. மேல்தளத்தின் விளிம்பு நெடுகிலும், மாலுமிகள் நடக்கும் பாதையிலும், விளக்குகளைப் பிடித்து நிறுத்துவதற்காகத் தகட்டில் துளையிட்டுத் திருகாணி முடுக்கியிருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தேன், கண்ணுக்குத் தெரிந்தவை மட்டும் நாற்பத்தொன்று. விளக்குகளில் பாதி எரிவதில்லை. பல கழன்று விழுந்துவிட்டன. துளைகள் மட்டும் இருக்கின்றன. மழைநீர் அவற்றின் வழியே இறங்கி, அறை அறையாக வழிந்து, இயந்திர அறையின் அடியில் சேர்கிறது. இறைக்கும் பம்புகள் கப்பலை ஒப்படைக்கும் முன்பே கழற்றப்பட்டுவிட்டன. ஆகவே அடித்தகட்டில் மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு வடிகால் துளை இட்டு, அதற்கு ஒரு திருகுமூடி வைத்தால் போதும் என்று முதல் மடலிலேயே எழுதியிருந்தேன். நேரில் வந்து கேட்டபோது தங்கள் அலுவலகத்தில் எனக்குக் கிடைத்த விளக்கம் இது: “அது கடற்படைச் சொத்து, அதில் துளையிட எங்களுக்கு அதிகாரம் இல்லை.”

நாற்பத்தொரு துளைகளுக்கு இருந்த அதிகாரம் நாற்பத்திரண்டாவது துளைக்கு எப்படி இல்லாமல் போனது என்று நான் அன்றைக்குக் கேட்கவில்லை. எதிரில் அமர்ந்திருந்த அலுவலர் மிகவும் மரியாதையானவர். எனக்குத் தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். இன்று அதைக் குழுவிடம் கேட்கிறேன்.

என் வேண்டுகோள் முதல் மடலில் இருந்ததேதான். தேங்கிய நீரை இறையுங்கள். மேல்தளத்துத் துளைகளை அடைத்து, அடியில் ஒரு வடிகால் வையுங்கள். தகட்டின் தடிமனைத் தகுதியுள்ள ஒருவரைக் கொண்டு அளந்து, அந்த அளவுகளை மக்கள் பார்க்கும்படி வெளியிடுங்கள்.

ஓய்வுபெறும் நாளில் ஒரு போர்க்கப்பலுக்குச் செய்யப்படும் மரியாதையைத் தங்களில் சிலர் நேரில் பார்த்திருக்கக்கூடும். சூரியன் மறையும் வேளையில் கொடியை இறக்குவார்கள். அன்றைக்கென்றே ஏற்றப்படும் நீண்ட விடைபெறு கொடியும் இறங்கும். ஊதுகொம்பு ஒலிக்கும், அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்த ஆள்கள் சட்டென்று பேச்சை நிறுத்துவார்கள். எங்கள் கப்பலின் அந்தச் சடங்குக்கு நானும் அழைக்கப்பட்டிருந்தேன். அன்று பேசிய ஒவ்வொருவரும் கப்பலுக்கு மறுவாழ்வு கிடைக்கப்போகிறது என்றார்கள். இளைஞர்கள் அதைப் பார்த்துக் கடற்படையில் சேருவார்கள் என்றார்கள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், நானும் நம்பிக் கைதட்டினேன்.

இதே நாட்டில் மறுவாழ்வு என்ற சொல்லுக்கு என்னென்ன நேர்ந்திருக்கிறது என்பதை அப்போதே நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். 1961-இல் பணியில் சேர்ந்து, 1971 போரில் வங்காள விரிகுடாவில் நின்று விமானங்களை அனுப்பிய விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த், 1997-இல் ஓய்வுபெற்றது. மும்பையில் 2001 முதல் அருங்காட்சியகமாக இருந்து, பாதுகாப்பில்லை என்று 2012-இல் மூடப்பட்டு, 60 கோடி ரூபாய்க்கு ஏலம் போய், 2014-இல் உடைக்கப்பட்டது. அதன் உலோகத்தைச் சேர்த்து மோட்டார் சைக்கிள் செய்து விற்றார்கள். பிரிட்டனில் 1959-இலும் இங்கே 1987-இலும் பணியில் சேர்ந்த மற்றொரு விமானந்தாங்கி விராட் 2017-இல் ஓய்வுபெற்று, அருங்காட்சியகம் ஆகும் ஆகும் என்று பேசப்பட்டு, 2020 செப்டம்பரில் குஜராத்தில் கப்பல்களை உடைக்கும் ஆலங் கரைக்கு இழுத்துச்செல்லப்பட்டது. நம் பக்கத்துக் கதையும் உண்டு. 2010-இல் ஓய்வுபெற்ற வாக்லி நீர்மூழ்கியை மாமல்லபுரத்தில் காட்சிக்கு வைக்கப்போவதாகச் சொல்லிச் சென்னைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தார்கள். வந்தது வந்தபடியே நின்றது; மாமல்லபுரம் போய்ச் சேரவில்லை.

எல்லாக் கப்பலுக்கும் இதே கதி என்று சொல்ல மாட்டேன். விசாகப்பட்டினம் கடற்கரையில் குர்சுரா நீர்மூழ்கி 2002 முதல் நின்றுகொண்டிருக்கிறது. இத்தனைக்கும் அங்கேயும் இதே கடற்கரை உப்புக்காற்றுதான். ஆலப்புழைக் கடற்கரைக்கு 2021-இல் டி-81 என்ற சிறிய வேகத் தாக்குதல் படகைக் கொண்டுவந்தபோது, இருபத்தைந்து மீட்டர் நீளமுள்ள அதைக் கடைசிக் கட்டத்தில் சாலை வழியாக நகர்த்தி வந்தார்கள். அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவருவதற்கு ஆள் உண்டு, பணம் உண்டு, நாள்தோறும் செய்தி உண்டு. கொண்டுவந்து நிறுத்திய பின் வரும் முதல் மழைக்கு யார் பொறுப்பு என்பதைத்தான் எந்த ஊரிலும் முதலில் எழுதிவைக்க வேண்டும். நம் ஊரில் எழுதிவைக்கவில்லை.

கப்பல் உடைப்பைப் பற்றிய சட்டம் ஒன்று 2019-இல் நம் நாட்டில் இயற்றப்பட்டது. கப்பலில் இருக்கும் நச்சுப் பொருள்களின் பட்டியலைத் தயாரிக்க வேண்டும், உடைக்கும் தளம் அங்கீகாரம் பெற வேண்டும், தொழிலாளர் பாதுகாப்பு இன்னின்னபடி இருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் போர்க்கப்பல்களுக்கு அது பொருந்தாது என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. சரக்குக் கப்பலுக்குச் சாவில் இருக்கும் ஒழுங்குகூடப் போர்க்கப்பலுக்கு இல்லை. கரையில் நிறுத்திக் காட்சிப்பொருள் ஆக்கிய கப்பல் எந்தக் கணக்கில் வரும் என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்டேன். யோசித்துவிட்டு, “கட்டடம்னு வெச்சுக்கலாம்” என்றார். கட்டடமாகவே வைத்துக்கொள்வோம். கட்டடத்துக்காவது உறுதிச்சான்று கேட்பார்கள்.

பராமரிப்பே நடக்கவில்லை என்று நான் குற்றம் சாட்டவில்லை. ஆண்டுக்கு இருமுறை, குடியரசு நாளுக்கும் சுதந்திர நாளுக்கும் முந்தைய வாரத்தில், சாலையைப் பார்த்த பக்கத்துக்கு வண்ணம் பூசப்படுகிறது. துருவைக் கொத்தாமல், பிரைமர் இல்லாமல், துருவின் மேலேயே பூசப்படுவதால் அடுத்த மாதமே அது அப்பளம்போலப் பொரிந்து உதிர்ந்துவிடுகிறது. அதனால் அடுத்த விழாவுக்கு மீண்டும் பூசுவதற்கு நல்ல காரணமும் கிடைத்துவிடுகிறது. கடலைப் பார்த்த பக்கத்தைப் பூசுவதில்லை. அங்கிருந்து யாரும் காரில் வருவதில்லை என்பதால் இருக்கலாம். முன்னால் ஊரின் பெயர் பெரிய எழுத்துகளில் நிறுத்தப்பட்டிருக்கிறது, படம் எடுத்துக்கொள்ள வசதியாக. திறப்பு விழாக் கல்வெட்டில் பதினேழு பெயர்கள் இருக்கின்றன. கப்பலை இயக்கியவர்களின் பெயர் ஒன்றுகூட அதில் இல்லை. அதில் எங்களுக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தக் கல்வெட்டை மட்டும் யாரோ நன்றாகத் துடைத்து வைத்திருக்கிறார்கள், அந்தத் துணியைக் கொஞ்சம் கப்பலுக்கும் காட்டக் கூடாதா என்பதுதான் எங்கள் வருத்தம்.

மன்னிக்கவும், வேண்டுகோள் வைக்க வந்தவன் எள்ளலில் இறங்கிவிட்டேன். தங்களுக்கு வேறு பொறுப்புகளும் உண்டு என்பதும், இந்தக் குழுவின் கூடுதல் வேலையை விரும்பிக் கேட்டு வாங்கியவர் யாருமில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கப்பல் எப்பாடுபட்டாவது நிற்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பழைய சகமாலுமிகள் சிலருக்கு இதில் என்னோடு மனத்தாங்கல் உண்டு. என்னைப் பொறுத்தவரை, உடைப்பது அவமானமில்லை. உருக்கிய தகடு கம்பியாகி ஏதோ ஒரு வீட்டின் கூரையைத் தாங்கட்டும். எண்ணெயும் நச்சுப் பொருள்களும் நீக்கிச் சுத்தம்செய்து கடலடியில் இறக்கினால் மீன்கள் குடியேறும். ஒரிஸ்கனி என்ற பெரிய விமானந்தாங்கியையே 2006-இல் அமெரிக்கர்கள் ஃபுளோரிடாவுக்கு அப்பால் அப்படி இறக்கினார்கள், அதைத் தூய்மை செய்யவே பெரும் பொருளும் காலமும் செலவழித்த பிறகு. இந்த முடிவுகள் எல்லாம் கணக்குப் போட்டு எடுக்கப்பட்டவை, ஒரு நாள் குறித்துச் செய்து முடிக்கப்பட்டவை. வைத்துக்கொள்ளவும் இல்லாமல், அனுப்பவும் இல்லாமல், மழை பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவைப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக ஏறி இறங்கும் ஏணிப்படியின் கீழ்ப்பிடிப்பு துருவில் பாதி தின்னப்பட்டிருக்கிறது. அது விடுபடும் நாளில் குழு விரைந்து கூடும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆகவே குழுவின் அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு தீர்மானத்தை எடுக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கப்பலை வைத்துக்கொள்வதென்றால், நீரை இறைத்து, வடிகால் வைத்து, தகட்டை அளந்து, ஆண்டுதோறும் இதற்கென ஒரு தொகையையும் பெயர் சொல்லக்கூடிய ஒரு பொறுப்பாளரையும் எழுத்தில் நிறுத்துங்கள். முடியாதென்றால், முடியாதென்று கடற்படைக்கு எழுதித் திருப்பிக் கொடுங்கள். இரண்டில் எதுவானாலும் மனமார நன்றி சொல்லும் முதல் ஆள் நானாக இருப்பேன். அதற்கு முன்பாக, வேறெந்த ஊராவது அடுத்த கப்பலைக் கேட்டு வரிசையில் நின்றால், தங்கள் அனுபவத்தை அவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

தீர்மானம் வரும்வரை தண்ணீர் காத்திருக்காது. எனவே இடைக்கால ஏற்பாடு ஒன்றைச் சொல்கிறேன். என்னோடு அதே அறையில் வேலை பார்த்தவர்களில் மூவர் பேருந்தில் வந்துபோகும் தொலைவில்தான் இருக்கிறார்கள். எங்களில் ஒருவருக்கு மூட்டுவலி. மற்றவர்களுக்கு அதுகூட இல்லை. வாடகைக்கு ஒரு டீசல் பம்பும் குழாயும் நாங்களே கொண்டுவருகிறோம். எண்ணெய் கலந்த நீரை மணலில் விடாமல் பீப்பாய்களில் பிடித்துத் தருகிறோம். அதை அகற்றும் ஏற்பாட்டை மட்டும் தாங்கள் செய்தால் போதும். ஏதாவது நேர்ந்தால் குழு பொறுப்பில்லை என்று கையெழுத்திட்டுத் தரவும் தயார். எங்களுக்குத் தேவை ஒரு பகல் பொழுதும், இயந்திர அறை மூடியின் சாவியும்.

நாங்கள் வரக் கூடாதென்றால், தாங்கள் அனுப்பும் ஆள்களிடமாவது இதைச் சொல்லுங்கள். திறந்ததும் உடனே இறங்க வேண்டாம். நீண்ட நாள் மூடிக் கிடந்த இரும்பறையில் துருவே உள்ளிருக்கும் உயிர்க்காற்றைத் தின்றுவிடும், ஆள் மயங்கி விழுந்துவிடுவார். காற்றாடி வைத்து நன்றாகக் காற்றோட விட்டு, காற்றைச் சோதித்த பிறகே இறங்க வேண்டும், மேலே ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். பிறகு, அந்த மூடியின் தாழ்களில் அமரத்துப் பக்கம், அதாவது பின்பக்கம், இருக்கும் மூன்றாவது தாழ் அந்தக் காலத்திலேயே முரண்டு பிடிக்கும். நெம்புகோல் போட்டால் உடைந்துவிடும். உள்ளங்கையால் இடப்பக்கமாக இரண்டு தட்டுத் தட்டிவிட்டு இழுத்தால் வந்துவிடும்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
அக்கப்பலின் இயந்திர அறை முன்னாள் மாலுமி